கிரேக்கத் தீவுகளுக்குக் கப்பலில்: கரையிறங்கிச் சொந்தமாகச் சுற்ற ஒரு வழிகாட்டி

கிரேக்கத் தீவுகளுக்கு முதன்முறை கப்பலில் போகிறவர்கள் பெரும்பாலும் கப்பலைப் பார்த்துத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். எத்தனை நீச்சல் குளம், எத்தனை உணவகம், அறைக்குப் பால்கனி உண்டா என்று விசாரிப்பார்கள். ஏஜியன் கடலில் இதற்கெல்லாம் அவ்வளவு வேலை இல்லை. தீவுகள் நெருக்கமாக இருப்பதால் கப்பல் பெரும்பாலும் இரவில் ஓடும், பகலில் நிற்கும். பகலில் நீங்கள் கரையில்தான் இருக்கப்போகிறீர்கள். அதனால் கப்பலின் படங்களை மூடிவைத்துவிட்டு, எந்தத் தீவுக்கு எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்ற கால அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லா முடிவும் அதிலிருந்துதான் வரும்.

முதல் வேலை: கால அட்டவணையைப் படிப்பது

ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து 3 அல்லது 4 இரவுப் பயணங்களும் 7 இரவுப் பயணங்களும் கிளம்புகின்றன. இத்தாலியிலிருந்து கிளம்பி கிரேக்கத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும் கப்பல்களும் உண்டு. குறுகிய பயணத்தில் ஐந்தாறு ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருக்கும். பார்க்க ஆசையாகவும் இருக்கும். உள்ளே நுழைந்து பார்த்தால் காலையில் கிரீட்டின் ஹெராக்லியோன், அதே நாள் மாலையில் சாண்டோரினி என்று போட்டிருப்பார்கள். சாண்டோரினியில் இறங்கும்போது வெயில் சாயத் தொடங்கியிருக்கும். ஐந்து ஊரை எட்டிப்பார்ப்பதைவிட மூன்று ஊரில் நடந்து திரிவது மேல் என்பது என் கட்சி. உங்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம், ஆனால் நேரத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அட்டவணையில் இருக்கும் நேரம் முழுவதும் உங்களுக்குக் கிடைக்காது. இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்ப்போம். சாண்டோரினியில் காலை 7 முதல் மாலை 6 வரை, மொத்தம் 11 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கப்பல் கரையோடு ஒட்டி நிற்காது; சற்றுத் தள்ளிக் கடலிலேயே நிற்கும். டெண்டர் எனப்படும் சின்னப் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் பணம் கட்டியவர்களை முதலில் இறக்குவார்கள். சொந்தமாகப் போகிறவர்கள் எண் வாங்கிக் காத்திருந்து கரை தொடும்போது எட்டரை ஆகிவிடும். அங்கிருந்து மலை உச்சியிலுள்ள ஃபிரா என்ற ஊருக்கு ஏற இன்னொரு அரை மணியோ முக்கால் மணியோ. ஆக, உங்கள் நாள் 9:15-க்குத்தான் தொடங்குகிறது. திரும்பும்போது கடைசிப் படகு 5 மணி அல்லது 5:30. மாலையில் கேபிள் காரில் கீழே இறங்கும் வரிசை ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். தீவின் இன்னொரு ஊரான ஓயாவிலிருந்து ஃபிராவுக்குப் பேருந்து, காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் இரண்டேகாலுக்கே ஓயாவை விட்டுக் கிளம்ப வேண்டும். 11 மணி நேரம் 5 மணி நேரமாகச் சுருங்கிவிட்டது.

ஒவ்வொரு துறைமுகத்துக்கும் இந்தக் கணக்கைப் போடுங்கள். கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும் ரோட்ஸ், ஹெராக்லியோன் போன்ற இடங்களில் இவ்வளவு சேதாரம் இருக்காது. ‘டெண்டர்’ என்று குறிப்பு இருக்கும் இடங்களில் குறைந்தது இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிட்டே திட்டம் போடுங்கள்.

எப்போது போவது?

கப்பல் சீசன் ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. மே கடைசி, ஜூன் தொடக்கம், செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம், இவைதான் நல்ல நாட்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயில் நம் ஊருக்குச் சவால் விடும். 2023 ஜூலையில் வெப்ப அலை வந்தபோது ஏதென்ஸின் பழங்காலக் குன்றுக்கோட்டையான அக்ரோபோலிஸையே நண்பகலில் மூடிவைத்தார்கள்.

வெயிலைவிடப் பெரிய தொல்லை காற்று. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து ‘மெல்டெமி’ என்ற காற்று வீசும். வானம் பளிச்சென்று இருக்கும், மேகமே இருக்காது, ஆனால் காற்று நாள்கணக்கில் அடிக்கும். அலை எழும்பினால் டெண்டர் படகு ஓட்ட முடியாது. அப்போது கப்பல் அந்தத் தீவை விட்டுவிட்டுப் போய்விடும். மைக்கோனோஸும் சாண்டோரினியும் அப்படி அடிக்கடி தவறிப்போகும் இடங்கள். டிக்கெட் விதிகளில் இதற்கு இடம் வைத்திருப்பார்கள், பெரிய இழப்பீடு எதையும் எதிர்பார்க்க முடியாது. ‘சாண்டோரினிக்காகவே வருகிறேன்’ என்று சொல்பவரா நீங்கள்? அப்படியானால் கப்பலை விட்டுவிட்டு, பிரேயஸிலிருந்து ஃபெர்ரியில் போய் இரண்டு இரவு தங்குங்கள். இதைக் கப்பல் பயண வழிகாட்டியில் சொல்லக் கூடாதுதான், ஆனால் உண்மை அதுதான்.

இன்னொரு விஷயம். ஒரே நாளில் எத்தனை கப்பல் அந்தத் தீவில் நிற்கிறது என்று காட்டும் இணையதளங்கள் இருக்கின்றன. முன்பதிவுக்கு முன் அதைப் பாருங்கள். சாண்டோரினியில் கப்பலில் வருபவர்கள் நாளுக்கு 8,000 பேர் என்று 2025 முதல் வரம்பு வைத்திருக்கிறார்கள். வரம்பே அதுதான் என்றால் கூட்டம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

விசா: இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்

சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்குக் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா வேண்டாம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, வேண்டும். கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்குப் போகிறவர்கள் அப்படியே செய்யுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

இப்போது கவனிக்க வேண்டிய இடம். ‘கிரேக்கத் தீவுகள்’ என்று விற்கப்படும் பல பயணங்கள் நடுவில் துருக்கியின் குசாதசிக்குப் போகும். பழைய எபெசஸ் நகரம் அருகில் இருப்பதால் அது எல்லோருக்கும் பிடித்த நிறுத்தம். துருக்கி ஷெங்கனில் இல்லை. அதாவது நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வருகிறீர்கள். ஒரே ஒரு முறை நுழையும் விசா வாங்கியிருந்தால் கப்பலில் ஏறவே விட மாட்டார்கள். பலமுறை நுழையும் விசா கேட்டு விண்ணப்பியுங்கள். கப்பலின் அட்டவணையை விண்ணப்பத்தோடு இணையுங்கள். துருக்கிக்குத் தனி அனுமதி வேண்டுமா என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். போனில் ‘ஒன்றும் வேண்டாம் சார்’ என்று சொன்னவர், ஏறும் நாளில் கவுன்டரில் உங்களோடு நிற்க மாட்டார்.

பணக் கணக்கு

விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை அறைக்கும் சாப்பாட்டுக்கும்தான். அதன்மேல் பணியாளர்களுக்கான தினசரிக் கட்டணம் வரும். பல பெரிய நிறுவனங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 டாலர். பானங்கள், வைஃபை, கரைச் சுற்றுலா எல்லாம் தனி. 2025 ஜூலை முதல் கிரேக்க அரசு கப்பல் பயணிகளுக்கு ஒரு கட்டணமும் போட்டிருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாண்டோரினியிலும் மைக்கோனோஸிலும் இறங்க ஆளுக்கு 20 யூரோ. ஏப்ரல், மே, அக்டோபரில் 12. மற்றத் துறைமுகங்களில் இதே பருவங்களுக்கு 5, 3 யூரோ. கப்பல் பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள்.

அறையைப் பற்றி ஒரு வரி: பகலெல்லாம் வெளியே இருப்பதால் ஜன்னல் இல்லாத உள்ளறை போதும். மிச்சமாகும் பணத்தில் ஒரு தீவில் டாக்ஸி பேசிக்கொள்ளலாம்.

கப்பல் சுற்றுலாவா, சொந்தமாகவா?

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவுக்கு விலை அதிகம், கூட்டமும் அதிகம். ஆனால் ஒரு உத்தரவாதம் உண்டு: அவர்களின் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்கள் தாமதமானால் காத்திருக்காது. இதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், மற்றதெல்லாம் விலைதான்.

நான் சொல்லும் வழி இது. துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஊர் இருந்தால் சொந்தமாகவே போங்கள். நகரப் பேருந்து அடிக்கடி ஓடினாலும் சொந்தமாகவே போங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம், அதுவும் திரும்பி வர ஒரே சாலை என்றால் கப்பல் சுற்றுலாவை யோசிக்கலாம். குசாதசியிலிருந்து எபெசஸ் 20 கிலோமீட்டர்தான். அங்கே நான்கு பேர் சேர்ந்து டாக்ஸி பேசினால் சுற்றுலாக் கட்டணத்தைவிடக் கணிசமாகக் குறையும். வாடகையைப் பேசும்போது காத்திருப்பு நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள்.

ஒவ்வொரு துறைமுகமும் எப்படி?

பிரேயஸ். ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து நீல வண்ண மெட்ரோ, அதாவது மூன்றாம் தடம், 2022 அக்டோபரிலிருந்து நேராகப் பிரேயஸ் வரை ஓடுகிறது. ஒரு மணி நேரப் பயணம், டிக்கெட் 9 யூரோ. பிரேயஸ் நிலையத்தில் இறங்காமல் அடுத்த, கடைசி நிலையமான ‘டிமோடிகோ தியாட்ரோ’ வரை போனால் கப்பல் முனையங்கள் இன்னும் பக்கம். பெரிய பெட்டிகள் இருந்தால் அங்கிருந்து டாக்ஸி பிடியுங்கள். அவ்வளவு பெரிய துறைமுகத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு வாசல் வாசலாகத் தேடுவது வீண் வேலை. மெட்ரோவில் ஜேப்படி சகஜம். பர்ஸ் பின்பாக்கெட்டில் வேண்டாம்.

கப்பல் கிளம்பும் நாளிலேயே விமானத்தில் வந்து இறங்காதீர்கள். சென்னையிலிருந்து போகிறவர்கள் எங்காவது விமானம் மாறித்தான் போக வேண்டும். இடையில் ஒன்று தவறினால் கப்பல் போய்விடும். ஒரு நாள் முன்பே வந்து, ஏதென்ஸில் தங்கி, அக்ரோபோலிஸைப் பார்த்துவிடுங்கள். நுழைவு 30 யூரோ. எந்த மணிக்கு நுழைவது என்று நேரத்தோடு அரசின் இணையதளத்தில் முன்பே எடுக்க வேண்டும். காலை 8 மணி நேரத்தை எடுங்கள்.

மைக்கோனோஸ். பெரிய கப்பல்கள் டூர்லோஸ் என்ற புதிய துறைமுகத்தில் நிற்கும். ஊர் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். அந்தச் சாலையில் நடைபாதை சரியாக இல்லை, நடக்க வேண்டாம். ‘சீ பஸ்’ என்ற படகு பழைய துறைமுகத்துக்கு ஓடுகிறது; இரண்டு யூரோ அளவில்தான். இறங்கியதும் ஊருக்குள் இருப்பீர்கள். வெள்ளைச் சந்துகள், காற்றாலைகள், கடலைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ‘லிட்டில் வெனிஸ்’ வீடுகள், எல்லாம் நடந்தே பார்த்துவிடலாம். சந்துகளை வேண்டுமென்றே வளைத்து வளைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று தோன்றும். வழி தவறினால் சரிவாக இறங்கிக்கொண்டே இருங்கள், கடல் வந்துவிடும்.

காலையிலேயே கப்பல் வந்துவிட்டால் மைக்கோனோஸை விட்டுவிட்டு டெலோஸுக்குப் போங்கள் என்பேன். அப்போலோ, ஆர்ட்டெமிஸ் என்ற தெய்வங்கள் பிறந்ததாகக் கிரேக்கர் நம்பிய தீவு. பழைய துறைமுகத்திலிருந்து படகில் அரை மணி நேரம். ஊர் முழுக்க இடிபாடு. தங்க அனுமதி இல்லை, நிழலும் இல்லை. தொப்பியும் தண்ணீரும் கையோடு எடுத்துப் போங்கள். போய்வர நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். எந்தக் கிழமை திறந்திருக்கிறது, கடைசிப் படகு எப்போது என்பதை முன்பே பார்த்துவிட வேண்டும். கப்பல் மாலையில்தான் வருகிறது என்றால் டெலோஸை மறந்துவிடுங்கள்.

சாண்டோரினி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சொந்தமாகப் போகிறவர்கள் திணறும் இடம் இதுதான். ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலை வெடித்து, நடுப்பகுதி கடலுக்குள் சரிந்த தீவு இது. மிச்சமிருப்பது பிறை வடிவச் செங்குத்துப் பாறை. ஊர்கள் அதன் உச்சியில், கப்பல் நிற்பது அதன் அடியில்.

டெண்டர் படகு உங்களைப் பழைய துறைமுகத்தில் விடும். அங்கிருந்து மேலே ஃபிராவுக்கு மூன்று வழி. ஒன்று கேபிள் கார். மூன்று நிமிடத்தில் உச்சி. ஆனால் ஒரு தடவைக்கு ஆறு பெட்டி, பெட்டிக்கு ஆறு பேர், ஆக 36 பேர்தான். மூவாயிரம் பேர் கப்பல் இரண்டு வந்து நின்றால் வரிசை எவ்வளவு நீளும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, 580-க்கும் மேற்பட்ட படிகள். மூன்றாவது அதே படிகளில் கழுதைச் சவாரி. கழுதையை விட்டுவிடுங்கள், அந்த வெயிலில் அவை படும் பாட்டைப் பார்த்தால் ஏற மனம் வராது.

நான்காவதாக ஒன்றும் உண்டு, பலருக்குத் தெரியாது. பழைய துறைமுகத்திலேயே தனியார் படகுக்காரர்கள் நிற்பார்கள். ஓயாவுக்குக் கீழே இருக்கும் அம்மூடி வரை படகு, அங்கிருந்து ஓயாவுக்குப் பேருந்து, அப்புறம் ஃபிராவுக்கு இன்னொரு பேருந்து என்று சேர்த்து டிக்கெட் விற்பார்கள். காலை கேபிள் கார் வரிசை நீளமாக இருந்தால் இதுதான் சரி. ஓயாவைக் கூட்டம் சேரும் முன் பார்த்துவிடலாம், கேபிள் காரை இறங்க மட்டும் பயன்படுத்தலாம். கப்பல் நிறுவனச் சுற்றுலாவில் போகிறவர்களை வேறொரு துறைமுகமான அதினியோஸில் இறக்கிப் பேருந்தில் ஏற்றுவார்கள். நீங்கள் அந்தப் படகில் ஏற முடியாது.

ஃபிராவில் பேருந்து நிலையம்தான் தீவின் மையம். எந்த ஊருக்குப் போவதென்றாலும் அங்கே வந்து மாற வேண்டும். டிக்கெட் பேருந்திலேயே கொடுப்பார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஓயாவுக்கு அரை மணி நேரத்துக்குள் போகலாம். தெற்கே அக்ரோதிரிக்குப் பேருந்து உண்டு. எரிமலைச் சாம்பலில் புதைந்து கிடந்த வெண்கலக் கால ஊர் அது. மாடி வீடுகளும் தெருவும் சாக்கடையும் அப்படியே நிற்கின்றன. மேலே கூரை போட்டிருப்பதால் வெயிலுக்கும் பயமில்லை. ஒரே நாளில் ஓயாவும் அக்ரோதிரியும் வேண்டாம், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கால்வலு இருந்தால் ஃபிராவிலிருந்து ஓயா வரை மலை விளிம்பில் 10 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும்.

மாலையில் கேபிள் கார் வரிசை ஃபிராவின் தெருக்களுக்குள் வளைந்து போய்க்கொண்டிருக்கும். கடைசிப் படகுக்கு இரண்டு மணி நேரம் முன்பே ஒருமுறை போய் எட்டிப்பாருங்கள். நீளமாக இருந்தால் நின்றுவிடுங்கள், அல்லது படியில் இறங்குங்கள். அரை மணி நேரம் போதும். படிக்கல் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும், கழுதைச் சாணமும் கிடக்கும். செருப்பு போட்டு இறங்காதீர்கள், ஷூ வேண்டும்.

அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு: அலையில் ஆடும் படகில் கால் மாற்றி ஏறி இறங்க வேண்டியிருக்கும். மாலுமிகள் இருபுறமும் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனாலும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த ஒரு தீவில் மட்டும் கப்பல் சுற்றுலா எடுத்துக் கொடுங்கள். பேருந்து மேலே கொண்டுபோய் விட்டுவிடும்.

ரோட்ஸ். சொந்தமாகச் சுற்ற இதைவிட எளிதான துறைமுகம் இல்லை. கப்பலிலிருந்து இறங்கினால் எதிரே கோட்டைச் சுவர். நடந்தால் சில நிமிடத்தில் உள்ளே. 1309 முதல் 1522 வரை புனித யோவான் வீரத்துறவிகள் ஆண்ட ஊர். அவர்கள் தங்கிய ‘வீரர் தெரு’ கூழாங்கல் பாவியபடி அப்படியே இருக்கிறது. அதன் மேல்முனையில் தலைவரின் அரண்மனை. 19ஆம் நூற்றாண்டில் ஒரு வெடிவிபத்தில் சிதைந்ததை, தீவு இத்தாலியர் கையில் இருந்தபோது மறுபடி கட்டினார்கள். காலை எட்டரைக்குள் போய்விட்டால் தெருவே உங்களுடையது. லிண்டோஸ் போக ஆசை இருந்தால் தெற்கே 50 கிலோமீட்டர், புதிய சந்தைக்கு அருகிலிருந்து பேருந்து, ஒன்றரை மணி நேரம். முழு நாள் இருந்தால் மட்டும் போங்கள். அரை நாள் என்றால் கோட்டைக்குள்ளேயே வேண்டியது இருக்கிறது.

ஹெராக்லியோன். பழங்கால க்னோசோஸ் அரண்மனை 5 கிலோமீட்டர். 2ஆம் எண் நகரப் பேருந்து நேராக அதன் வாசலில் விடும், இருபது நிமிடம். டிக்கெட்டைப் பேருந்தில் வாங்குவதைவிடப் பெட்டிக்கடையிலோ இயந்திரத்திலோ வாங்கினால் மலிவு. அங்கே சிவப்புத் தூண்களும் சுவரோவியங்களும் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: 1900-இல் அகழத் தொடங்கிய ஆர்தர் எவன்ஸ் பல இடங்களைச் சிமென்ட் கொண்டு எடுத்துக் கட்டினார். சுவரில் இருப்பவை நகல்கள். அசல் ஓவியங்கள் நகரின் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நேரம் குறைவு, வெயில் அதிகம் என்றால் நான் அருங்காட்சியகத்துக்கே ஓட்டுப் போடுவேன். துறைமுகத்திலிருந்து நடந்தே போகலாம், உள்ளே குளிர்சாதனமும் உண்டு.

பாட்மோஸ். சின்னத் தீவு. பைபிளின் கடைசி நூலான வெளிப்பாட்டைப் புனித யோவான் பெற்றதாகச் சொல்லப்படும் குகையும், 1088-இல் நிறுவப்பட்ட மடாலயமும் மலைமேல் இருக்கின்றன. தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துங்கள். பேருந்து குறைவு, டாக்ஸிதான் சரி. மடாலயம் பிற்பகலில் மூடிக்கிடக்கும் நாட்கள் உண்டு, முதலில் அங்கே போய்விட்டுக் குகைக்கு இறங்கி வாருங்கள்.

கோர்ஃபு இத்தாலியிலிருந்து வரும் கப்பல்களின் நிறுத்தம். துறைமுக வாசல் வரை பேருந்தில் கொண்டுவந்து விடுவார்கள். அங்கிருந்து பழைய நகரம் இருபது நிமிட நடை. கிரீட்டின் மேற்கில் ஹானியா என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது சூடாவில், 7 கிலோமீட்டர் தள்ளி. நகரப் பேருந்து ஓடுகிறது.

இறங்கும் முன் பையில் என்ன இருக்க வேண்டும்

கப்பல் அட்டை, ஏதாவது ஒரு புகைப்பட அடையாள அட்டை, பாஸ்போர்ட்டின் நகல். பல கப்பல்களில் பாஸ்போர்ட்டை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள், பயப்படத் தேவையில்லை. ஒவ்வொரு இரவும் அறைக்கு வரும் தினசரித் தாளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஏற வேண்டிய நேரமும், உள்ளூர்த் துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கும். கப்பலைத் தவறவிட்டால் முதலில் அழைக்க வேண்டியவர் அவர்தான். அடுத்த தீவுக்குப் போய்ச் சேரும் செலவு உங்களுடையது.

நேரத்தில் ஒரு பொறி உண்டு. இத்தாலியிலிருந்து கிளம்பிய கப்பலில் கிரேக்கம் வரும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். கப்பல் கடிகாரத்தை மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் இருக்கலாம்; போன் தானாக மாறிவிடும். இறங்கும் வாசலில் இருக்கும் கடிகாரத்தையும் போனையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

போனைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று: நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பை உங்கள் போன் தானாகப் பிடித்துக்கொள்ளும். அதற்கு வரும் பில் மயக்கம் போட வைக்கும். கரையை விட்டதும் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். ஐரோப்பாவுக்கான சிம் துருக்கியில் வேலை செய்யாமல் போகலாம், அதையும் கேட்டு வாங்குங்கள்.

ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது ‘ரூபாயில் கழிக்கவா, யூரோவிலா’ என்று திரையில் கேட்கும். எப்போதும் யூரோ. பேருந்துக்கும் சின்னக் கடைக்கும் சில்லறை நோட்டுகள் வேண்டும். ஸ்கூட்டரோ நான்கு சக்கரப் பைக்கோ வாடகைக்கு எடுக்க இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் தேவை. மலைச் சாலையும் மணல் சறுக்கலும் பழகாதவர்கள் அந்த ஆசையை விட்டுவிடலாம். கழிப்பறையில் காகிதத்தை உள்ளே போடக் கூடாது, பக்கத்தில் இருக்கும் தொட்டியில்தான் போட வேண்டும்; குழாய்கள் குறுகல். சாண்டோரினியில் குழாய்த் தண்ணீர் குடிக்க உதவாது, கப்பலிலேயே பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

சைவர்களுக்குச் சாப்பாடு

கஷ்டம் இல்லை. சாண்டோரினியின் ‘ஃபாவா’ என்பது நம் கடைந்த பருப்பேதான், மேலே வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும். அங்கேயே தக்காளி உருண்டைகளைப் பொரித்துத் தருவார்கள். அரிசி அடைத்த தக்காளி, குடைமிளகாய் ‘கெமிஸ்தா’ என்று கிடைக்கும். சில கடைகளில் கறி சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கீரை அடைத்த ‘ஸ்பனகோபிட்டா’ எந்த பேக்கரியிலும் உண்டு. கிரேக்கத் திருச்சபையின் நோன்பு உணவுக்கு ‘நிஸ்தீசிமோ’ என்று பெயர். அதில் இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது. ஆனால் இறாலும் கணவாயும் நோன்புக்கு ஆகும் என்பது அவர்கள் வழக்கம். அந்தச் சொல்லை மட்டும் நம்பி ஆர்டர் கொடுத்தால் தட்டில் கணவாய் வந்து நிற்கலாம். கப்பலில் சைவச் சாப்பாடு வேண்டுமென்பதை முன்பதிவின்போதே எழுதிக் கொடுங்கள்.

கடைசி நாள்

இறங்குவதற்கு முந்தைய இரவு, பெட்டிகளில் அடையாளச் சீட்டு கட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாளுக்கான உடுப்பு, மாத்திரை, சார்ஜர், விமான டிக்கெட் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியைக் காலையில் துறைமுகக் கொட்டகையில்தான் பார்ப்பீர்கள். வரவேற்பு மேசையில் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கினோமா, பில்லில் வாங்காத பானம் எதுவும் ஏறியிருக்கிறதா என்று இரவிலேயே பார்த்துவிடுங்கள். காலையில் அங்கே நிற்க இடம் இருக்காது. கப்பல் காலை 6 மணிக்குக் கரை சேர்ந்தாலும் வெளியே வர எட்டு, எட்டரை ஆகும். பிரேயஸிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம், அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். ஆகவே மதியம் ஒரு மணிக்கு முன் கிளம்பும் விமானத்தை எடுக்காதீர்கள். கட்டணம் குறைவு என்று காலை பதினொரு மணி விமானத்தைக் காட்டுவார்கள், வேண்டாம்.